சங்கத்துப் பணத்தைச் சத்தமாக எண்ணுங்கள்

ஒரு புதன்கிழமை ராத்திரி எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கு 90 ரூபாய் உதைத்தது. நோட்டுப்படி பெட்டியில் 660 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணினால் 570. மூன்று தடவை எண்ணியாயிற்று. மணி ஒன்பதரை. கடைசி பஸ்ஸில் வரும் வீட்டுக்காரருக்குச் சோறு போடணும் என்று ரெண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது. கணக்கு எழுதுகிறவள் நான். பணம் குறைந்தால் எல்லாரும் முதலில் என் முகத்தைத்தானே பார்ப்பார்கள்?

திண்ணை ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மேலத்தெருக்காரி நானூத்தி அம்பது கட்டுனாளே, அத எவ்வளவுன்னு எழுதின?"

பார்த்தால் 540 என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது, கைநாட்டுதான். ஆனால் பணம் வாங்கும்போது "நானூத்தி அம்பது" என்று நான் வாய்விட்டுச் சொன்னது அவர் காதில் தங்கியிருந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது நோட்டு இல்லை, பெரியம்மாவின் காது.

ஊரில் புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாங்குகிற ஒவ்வொரு ரூபாயையும், கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். படித்தவர்களுக்கு நோட்டு இருக்கிறது. படிக்காதவர்களுக்கு அந்தச் சத்தம்தான் நோட்டு. ரெண்டும் ஒத்துப்போனால் அந்தக் குழு நிற்கும்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குச் சங்கம் ஒன்றும் புதுசு கிடையாது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் இங்கேதான் தொடங்கின. ஐஃபாட் என்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. இன்றைக்கு நாம் வாங்கும் குழு லோனுக்கு அதுதான் விதை.

என் அம்மாவும் அந்தக் காலத்தில் ஒரு சங்கத்தில் இருந்தார். நாலு வருஷம் ஓடி நின்றுபோனது. யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நோட்டு, பாஸ்புக், பெட்டி மூன்றும் குழுவை நடத்தும் ஊக்குநர் வீட்டிலேயே இருந்தன. அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார். ஞாபகம் ஒன்று சொல்ல, ஆட்கள் வேறொன்று சொல்ல, சண்டை வந்து பிரிந்தார்கள். அம்மாவுக்கு எவ்வளவு வரணும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

2014-இல் நாங்கள் 15 பேர் ஆரம்பித்தபோது எனக்கு அந்தப் பயம் மனசில் இருந்தது. அதிலிருந்து கற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆள் சேர்ப்பது

10 பேருக்குக் குறையக் கூடாது, 20-ஐத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மலைக் கிராமங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும் 5 பேர் போதும் என்று சலுகை உண்டு. என்னைக் கேட்டால் 12 முதல் 15 பேர் சரியான அளவு. 20 பேர் இருந்தால் கூட்டம் முடிய ரெண்டு மணி நேரம் ஆகும், பிறகு ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்வார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் மருமகள் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள், இது நான் கண்ணால் பார்த்தது. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களைச் சேருங்கள். வட்டிக்கு விடுகிறவரைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. குழுக் கடன் அவர் தொழிலுக்குப் போட்டி. எந்தப் பக்கம் பேசுவது என்று அவருக்கே தெரியாது.

"லோன் எப்ப வரும்?" என்று முதல் கேள்வி கேட்கிறவர் ஒருத்தர் எப்போதும் இருப்பார். அவரை விலக்க வேண்டாம், நியாயமான ஆசைதான். "முதல் ஆறு மாசம் நம்ம பணத்துலதான் நமக்குக் கடன்" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பவர்தான் உறுப்பினர்.

சேமிப்புத் தொகையை யார் சொல்ல வேண்டும்? எங்கள் முதல் கூட்டத்தில் ஒருத்தர் "வாரம் நூறு" என்றார், இன்னொருத்தர் "அம்பது" என்றார். செங்கல் சூளைக்குப் போகும் ஓர் அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கேட்டதும் "இருபதுன்னா என்னால முடியும்" என்றார். 20 என்றே முடிவு செய்தோம். குழுவிலேயே கையில் குறைவாகப் பணம் புழங்கும் ஆள் எந்த வாரமும் தவறாமல் கட்டக்கூடிய தொகைதான் குழுவின் தொகை. மூன்று வருஷம் கழித்து அதே அக்காதான் 50 ஆக்கலாம் என்று சொன்னார்.

பணம் வாங்குவதற்கு முன்னால்

முதல் ரூபாய் வசூலிக்கும் முன்பே தீர்மான நோட்டில் விதிகளை எழுதி, எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுங்கள். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணி, எங்கே. வராவிட்டால் அபராதம் எவ்வளவு. பணத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாமா. எங்கள் குழுவில் கொடுத்தனுப்பலாம், ஆனால் 10 ரூபாய் அபராதம் சேர்த்துத்தான் அனுப்பணும். ஆள் வருவதுதான் எங்களுக்கு முக்கியம். யாராவது விலகினால் கணக்கு எப்படித் தீர்ப்பது. யாராவது இறந்துபோனால் என்ன செய்வது.

கடைசி விதியைப் பேசும்போது "நல்ல நாளும் அதுவுமா இத ஏன் பேசணும்" என்று முகம் சுளித்தார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆறாவது வருஷம் எங்களில் ஒருத்தர் இறந்தார். அவர் சேமிப்பு 9,200 ரூபாய், கடன் பாக்கி 4,000. மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். மூன்று கூட்டம் அதிலேயே போனது. அதன்பிறகு ஒவ்வொருத்தரும் தன் வாரிசுப் பெயரைத் தனிநபர் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். கையோடு வயது வரம்புக்குள் இருந்தவர்களை வங்கியில் ரெண்டு காப்பீட்டிலும் சேர்த்தோம்: இப்போது வருஷம் 436 ரூபாய் கட்டும் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றிலும் 2 லட்சம் வரை கிடைக்கும். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும். ஊக்குநர், ரெண்டு பிரதிநிதிகள் என்று மூன்று பேர் பொறுப்பு. அதில் எந்த ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்று தீர்மானம் போட்டு, அதன் நகலை வங்கியில் கொடுக்கணும். சில கிளைகளில் "15 பேரும் ஆதாரோட வாங்க" என்று அலைய விடுவார்கள். எங்களையும் ஒரு கிளையில் ரெண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், அன்றைய கூலி எல்லாருக்கும் போனதுதான் மிச்சம். சேமிப்புக் கணக்கு தொடங்கப் பொறுப்பாளர்களின் ஆவணங்கள் போதும், எல்லா உறுப்பினருடையதும் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கியின் விதியே சொல்கிறது. மற்றவர்களுடையதைக் கடன் வாங்கும் சமயத்தில் கேட்பார்கள். மரியாதையாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

பணம் எடுக்கும் சீட்டில் வெறுமனே கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். "அவசரத்துக்கு உதவும்" என்பார்கள். உதவும், யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு புதன்கிழமைக் கூட்டம்

எங்கள் கூட்டம் மாரியம்மன் கோயில் திண்ணையில் ஏழரை மணிக்கு. வட்டமாக உட்காருவோம். பெட்டியும் நோட்டும் நடுவில். கணக்கு எழுதுகிறவருக்கும் பணம் எண்ணுகிறவருக்கும் நடுவே ஒருத்தராவது உட்கார வேண்டும். ரெண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது. நான் எழுதின வருஷங்களில் எண்ணினது வேறு ஆள், அந்த ஆள் வாரத்துக்கு வாரம் மாறுவார்.

போன வாரம் பெட்டியில் எவ்வளவு வைத்து மூடினோம் என்று கேட்பதில்தான் கூட்டம் தொடங்கும். நோட்டைப் பார்க்காமல் யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். அதன்பிறகு பெட்டியைத் திறந்து எண்ணுவோம், கடைசியில்தான் நோட்டைப் பார்ப்போம். முதலில் விளையாட்டு மாதிரி இருந்தது. இப்போது எட்டுப் பேராவது சரியாகச் சொல்கிறார்கள்.

ஒரு வாரத்துக் கணக்கை அப்படியே காட்டுகிறேன். பெட்டியில் இருந்தது 340. வந்தவர்கள் 14 பேர், ஆளுக்கு 50 சேமிப்பு, ஆக 700. போன வாரம் வராத ஒருத்தர் கட்டிய அபராதம் 10. கடன் திருப்பியவர்கள் மூன்று பேர். ஒருத்தர் அசல் 1,000, வட்டி 120. இன்னொருத்தர் அசல் 500, வட்டி 60. மூன்றாமவர் அசல் 1,000, வட்டி 40. அசல் மொத்தம் 2,500, வட்டி மொத்தம் 220. எல்லா வரவும் சேர்ந்து 3,770. புதுக் கடன் ஒருத்தருக்கு 3,000. நோட்டும் பேனாவும் வாங்கியது 60. மறுநாள் வங்கியில் கட்ட எடுத்து வைத்தது 500. பெட்டியில் மீதி 210. எண்ணி, சத்தமாகச் சொல்லி, எல்லாரும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, பூட்டிவிட்டால் கூட்டம் முடிந்தது.

அசலையும் வட்டியையும் தனித்தனியாகச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 90 ரூபாய்க் குழப்பம் இதனால்தான் வந்தது. அந்த மேலத்தெருப் பெண் கட்டியது அசல் 400, வட்டி 50. நான் அவசரத்தில் மொத்தத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி, பிறகு நோட்டில் ஏற்றினேன். 450 திரும்பி 540 ஆனது. அசல் ஒரு கட்டம், வட்டி ஒரு கட்டம் என்று நேராக நோட்டில் எழுதியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. துண்டுச் சீட்டு பக்கமே போகாதீர்கள்.

ஓர் உபாயம் சொல்கிறேன், பயிற்சிக்குப் போனபோது கற்றது. கணக்கு உதைத்தால் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், அனேகமாக ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 90, 27, 63, 180 என்று வந்தால் உடனே அந்தக் கோணத்தில் தேடலாம். வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள். அந்தத் தொகையுள்ள ஒரு வரவைச் செலவுப் பக்கம் எழுதியிருக்கலாம். இந்த ரெண்டும் எனக்குப் பல ராத்திரித் தூக்கத்தை மிச்சப்படுத்தியிருக்கின்றன.

என்னென்ன நோட்டு வேண்டும் என்று கேட்பார்கள். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பும் கடனும் ஆள்வாரியாக எழுதும் பேரேடு, ஒவ்வொருத்தர் கையிலும் தனிநபர் பாஸ்புக். குழுவின் மொத்த வரவு செலவைத் தலைப்புவாரியாக எழுதும் பொதுப் பேரேடு, வங்கிக் கடன் வந்த பிறகு கட்டாயம் வேண்டும். பென்சில் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதி, ரெண்டு பேர் சுருக்கொப்பம் போடணும். வெள்ளை மை பூசின நோட்டை நான் நம்ப மாட்டேன், அது என் அக்காவே எழுதினதாக இருந்தாலும் சரி.

பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவிகள் வேறு வேறு ஆட்கள் வீட்டில். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் கேர் என்கிற தொண்டு நிறுவனம் 1991-இல் தொடங்கிவைத்த கிராம சேமிப்புக் குழு முறையில் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று ஆள். மூவரும் வந்தால்தான் திறக்கும். அவர்கள் ஒரு வருஷம் போல ஒரு சுற்று முடிந்ததும் மொத்தத்தையும் பங்கு பிரித்துக்கொண்டு மறுபடி புதிதாக ஆரம்பிப்பார்களாம். நாம் அப்படிப் பிரிப்பதில்லை, சேர்த்துக்கொண்டே போகிறோம். அதனால் நமக்கு நோட்டின் பாரம் கூடுதல். பூட்டு யோசனையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கடன் கொடுப்பது

பணம் பெட்டியில் தூங்கக் கூடாது. நாலைந்து வாரம் சேர்ந்ததுமே அந்தப் பணத்திலிருந்து உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்க ஆரம்பியுங்கள், சின்னதாக. எங்கள் ஐந்தாவது வாரம் கையில் 1,500 ரூபாய் இருந்தது. மூன்று பேர் கேட்டார்கள். பள்ளிக்கூடச் செலவுக்கு ஒருத்தர், ஆடு வாங்க ஒருத்தர், பண்டிகைத் துணிக்கு ஒருத்தர். ஒவ்வொருத்தரையும் எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்புவாய் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தோம். துணிக்குக் கேட்டவர் தானே "நான் அடுத்த மாசம் வாங்கிக்கறேன்" என்றார். ஆடு கேட்டவருக்குத் தேவை 4,000. கையில் இருப்பதோ 1,500. பள்ளிக்கூடத்துக்கு 1,000 கொடுத்து முடித்தோம். அன்றைக்கு ஒரு வரிசை தானாக அமைந்துவிட்டது: ஆஸ்பத்திரி, பிறகு படிப்பு, பிறகு தொழில், மற்றதெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரிக்கு என்றால் கூட்டம் வரை காத்திருக்கவும் வேண்டாம். பொறுப்பாளர் மூன்று பேரும் சேர்ந்து 2,000 வரை கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் சொல்லி எழுதிவிட வேண்டும்.

வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாயோ 2 ரூபாயோ வைக்கலாம். 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். அதிகமாகத் தெரியும், ஆனால் அந்த வட்டி நம் பெட்டிக்கே திரும்பி வருகிறது. எந்த வட்டி என்பதைவிட எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்பது பெரிய விஷயம். 10,000 ரூபாய், 10 மாதம், 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். மாதாமாதம் 1,000 அசல் கட்டும்போது மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாதம் 200, அடுத்து 180, 160 என்று குறைந்து மொத்தம் 1,100 ஆகும். முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போட்டால் 2,000. ஒரே "ரெண்டு ரூபாய் வட்டி", வித்தியாசம் 900. மீதி அசலுக்கு மட்டும் போடுங்கள். மேலே காட்டிய கணக்கில் 120, 60, 40 என்று வட்டி வந்ததே, அவர்கள் பாக்கி முறையே 6,000, 3,000, 2,000.

தவணை நாளைச் சம்பாத்தியத்தோடு பொருத்திக் கட்டுங்கள். பால் சொசைட்டியில் பணம் போடும் வாரம், பட்டுக்கூடு விற்கும் மாதம், நூறு நாள் வேலைக் கூலி அக்கவுண்ட்டில் ஏறும் நாள். ஒரு தம்பதி மாங்காய்த் தோப்புக் குத்தகைக்குக் கடன் கேட்டார்கள். காய் இறங்கும் வரை வட்டி மட்டும், பிறகு மூன்று தவணையில் அசல் என்று முடிவு செய்தோம். வாரா வாரம் அசல் கட்டு என்று சொல்லியிருந்தால் வேறெங்காவது கடன் வாங்கித்தான் கட்டியிருப்பார்கள்.

இன்னொருத்தருக்காகத் தன் பேரில் கடன் வாங்குவது ஒரு நோய். கொழுந்தனுக்கு, பக்கத்து வீட்டுக்கு, சில சமயம் ஊக்குநருக்கே. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "ஏன்மா, எந்தக் கடையில வாங்கப் போற? என்ன விலை சொன்னான்?" என்று கேளுங்கள். தனக்காக வாங்குகிறவர் ரூபாய் பைசாவோடு சொல்லுவார். அடுத்தவருக்காக வாங்குகிறவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பார்.

கட்டாதவர்கள்

கடன் தவறுகிறவர் முதலில் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார், பணம் அப்புறம்தான் நிற்கும். அதனால் வருகைப் பதிவுதான் எனக்கு எச்சரிக்கை மணி. தொடர்ந்து ரெண்டு வாரம் ஆள் வரவில்லையா, ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். பணத்தைப் பற்றிப் பேச்சை எடுக்க மாட்டோம், உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்றுதான். பாதித் தடவை காரணம் அங்கேயே தெரிந்துவிடும்: கணவருக்கு வேலை நின்றிருக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் பணம் அனுப்பியிருக்க மாட்டான். தவணையை நீட்டி, தீர்மானம் எழுதிவிடலாம். அதில் ஒரு தவறும் கிடையாது. எழுதாமல் நீட்டுவதுதான் தவறு.

வசதியிருந்தும் கட்டாதவருக்கு மரியாதையாகவே, ஆனால் கூட்டத்தில் வைத்துச் சொல்லணும். அவர் கட்டி முடிக்கும் வரை அடுத்த ஆளுக்குக் கடன் போகாது என்பதைக் காத்திருக்கும் அந்த ஆள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாங்கள் யார் வீட்டு வாசலிலும் போய்ச் சத்தம் போட்டதில்லை. அண்டா குண்டாவைத் தூக்கும் குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்புறம் அந்த முகத்தைத் தினமும் தண்ணிக் குழாயில் எப்படிப் பார்ப்பது?

2021-இல் கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. நிறையப் பேருக்கு மூச்சு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் உள்கடனையும் கட்ட வேண்டாம் என்று ரெண்டு பேர் நினைத்துக்கொண்டார்கள். "இது கவருமெண்டுப் பணம் இல்லடி, நீயும் நானும் வாரா வாரம் போட்ட இருபது ரூபா" என்று பெரியம்மா ஒரே போடாகப் போட்டார்.

வங்கிக் கடன் வரும்போது

ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கியில் கேட்கலாம். அவர்கள் பார்ப்பது பஞ்ச சூத்திரம் என்று சொல்லும் ஐந்தைத்தான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் சுழற்சி, காலத்தில் திருப்புதல், அன்றன்றே எழுதின கணக்கு. ஊராட்சியில் உள்ள குழுக்களின் கூட்டமைப்பில் சொல்லி, உங்கள் குழுவின் தரத்தை மதிப்பிட ஏற்பாடு செய்யுங்கள். மதிப்பீடு செய்ய வருகிறவர் நோட்டைப் புரட்டுவார், அதோடு ஓரமாக இருக்கும் யாரிடமாவது "உங்க சேமிப்பு எவ்வளவும்மா?" என்று கேட்பார். சத்தமாக எண்ணும் குழுவில் அந்தக் கேள்விக்கு யாரும் முழிக்க மாட்டார்கள்.

10 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு ஜாமீனோ அடமானமோ கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கையும் முடக்கக் கூடாது. "சேமிப்ப எடுக்காம வைங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. குழு அதை உறுப்பினருக்கு 12 சதவீதத்துக்குக் கொடுத்தால் வித்தியாசம் பெட்டியில் தங்கும்.

வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். 1,50,000 ரூபாய், ஆளுக்குப் 10,000. மாடு வாங்க நினைத்தவருக்கு அது போதவில்லை. தேவையே இல்லாதவர் வாங்கிச் செலவழித்துவிட்டு, தவணை கட்டத் திண்டாடினார். ரெண்டாவது தடவை யாருக்கு என்ன தேவை, எவ்வளவு என்று ரெண்டு கூட்டம் உட்கார்ந்து நுண்கடன் திட்டம் எழுதினோம். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்களுக்குத் தேவைக்குத் தக்கபடி கிடைத்தது.

ஊரில் "குழு லோன்" என்று இன்னொன்றும் சுற்றுகிறது. நிதி நிறுவனத்து ஆள் வண்டியில் வந்து, பத்துப் பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி, ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டணும் என்று போகிற கடன். அதற்கும் சங்கத்துக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அங்கே சேமிப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது, வட்டி நம் பெட்டிக்கு வராது. எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அந்தக் கடன் இருக்கிறது, வாங்காதே என்று விதி போட முடியாது. ஆனால் புதுக் கடன் கேட்கும்போது வேறு எங்கெல்லாம் தவணை போகிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று விதி போட்டிருக்கிறோம்.

வருஷக் கணக்கும் கைமாற்றமும்

மார்ச் கடைசியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்போம். வருஷ வட்டி வரவில் செலவைக் கழித்து, மீதியை ஒவ்வொருத்தர் பேரிலும் எழுதுவோம், கையில் தர மாட்டோம். விலகுகிறவருக்குச் சேமிப்பும் அந்தப் பங்கும் கூட்டி, கடன் பாக்கியைக் கழித்துக் கொடுக்கணும். போன வருஷம் மகளோடு ஓசூருக்குக் குடிபோன ஒருத்தருக்குச் சேமிப்பு 11,400, கடன் பாக்கி 5,000; 6,400 ரூபாயோடு லாபப் பங்கும் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்தார். "எண்ணிட்டுப் போக்கா" என்று உட்கார வைத்து எண்ண வைத்தோம்.

பொறுப்பாளர்களை ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம். கணக்கு எழுதுகிறவரை மட்டும் யாரும் மாற்றுவதில்லை, எழுத ஆள் இல்லை என்பார்கள். நானும் அப்படியே பத்து வருஷம் இருந்துவிட்டேன், அது சரியில்லை. போன வருஷம் பிளஸ் டூ முடித்த மருமகப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். ஆறு மாதம் பக்கத்தில் உட்கார வைத்தேன். இந்த ஏப்ரலிலிருந்து நோட்டு அவள் கையில், என்னிடம் பெட்டிச் சாவி ஒன்று மட்டும்.

முதல் வாரம் சேமிப்பை எண்ணி முடித்து, கூச்சத்தோடு "எழுநூறு" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"காது கேக்கல" என்றார் பெரியம்மா.